சத்தம் இருக்கு, பேச்சு புரியலையே! மைதான நிகழ்ச்சிகளில் மைக் செட் வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயில் திருவிழாவில் பட்டிமன்றம். மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி, பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சத்தத்துக்குக் குறைவே இல்லை, ஆனால் நடுவர் சொல்வதில் ஒரு வரிகூட விளங்கவில்லை. முன்வரிசை சிரித்து முடித்த பிறகு, பின்னால் இருந்தவர்கள் "என்ன சொன்னாரு?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று மைக் செட் எங்களுடையது, எல்லா மைக்கின் ஒலியையும் சேர்த்துச் சரிசெய்யும் மிக்ஸரில் உட்கார்ந்திருந்தது நான்.

நான் செய்த தவறு இதுதான். பின்னால் இருக்கும் கூட்டத்துக்காக அங்கே கம்பம் நட்டு இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டியிருந்தோம், ஆனால் டிலே, அதாவது அந்த பாக்ஸின் ஒலியை வேண்டுமென்றே சற்றுத் தாமதிக்கும் அமைப்பு, போடவில்லை. கேபிளில் போகும் சிக்னல் அந்தக் கம்பத்துக்கு உடனே போய்விடுகிறது. காற்றில் போகும் ஒலியோ, 30 டிகிரி வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 349 மீட்டர்தான் போகும். அதனால் மேடை பாக்ஸின் ஒலி 70 மீட்டரைக் கடந்து வர 200 மில்லிசெகண்ட் ஆகிறது. 'வணக்கம்' என்ற சொல்லின் பாதி கம்பத்தில் ஒலிக்கும்போது, அதன் முதல் எழுத்து மேடையிலிருந்து அப்போதுதான் வந்து சேரும். ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்டு ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

சரிசெய்வது சுலபம். மேடை பாக்ஸிலிருந்து கம்பம் வரை டேப் பிடித்து அளந்து, மீட்டருக்கு 2.87 மில்லிசெகண்ட் என்று பெருக்குங்கள். அதோடு 10 முதல் 15 மில்லிசெகண்ட் கூட்டி, கம்பத்து பாக்ஸுக்கு டிலே வையுங்கள். இந்தக் கூடுதல் எதற்கென்றால், முதலில் வரும் ஒலியின் திசையைத்தான் காது நம்பும். மேடையின் ஒலி முதலில் வந்தால், தெளிவு கம்பத்திலிருந்து கிடைத்தாலும் பேச்சு மேடையிலிருந்து வருவது போலவே இருக்கும். பகல் வெயிலில் வைத்த கணக்கு ராத்திரிக் குளிரில் மூன்று, நான்கு மில்லிசெகண்ட் மாறும், அதற்காக மெனக்கெட வேண்டாம்.

பின்னால் கேட்கவில்லை என்றதும் வால்யூமை ஏற்றுவது இதைவிடப் பரவலான தவறு. திறந்தவெளியில் ஒரு சாதாரண பாக்ஸிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். ஆம்ப்ளிஃபையரின் வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பதோ 3 டெசிபல்தான். கடைசி வரிசைக்காக ஏற்றினால் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் காதுதான் பாவம். பாக்ஸை உயரத்தில் ஏற்றி, முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்துக் கட்டுங்கள். தரையில் வைத்தால் முதல் நான்கு வரிசையின் உடம்பே ஒலியைக் குடித்துவிடும்.

அப்புறம், எல்லா மைக்கையும் திறந்தே வைத்திருப்பது. நடுவர், ஆறு பேச்சாளர்கள், தொகுப்பாளர் என்று எட்டு மைக் வந்துவிடும். திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும், ஸ்பீக்கர் ஒலியே மைக்குக்குள் திரும்பப் புகுந்து ஊளையிடாமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் போய்விடும். ஒன்றுக்குப் பதில் எட்டு திறந்திருந்தால் 9 டெசிபல் நஷ்டம். பேசுகிறவர் மைக்கைத் தவிர மற்ற மைக்குகளின் ஃபேடர்களை (மிக்ஸரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் நகர்த்திகளை) இறக்கி வையுங்கள். அதற்கு மேடையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், போனைப் பார்க்க நேரம் இருக்காது. பேச்சாளர் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும் ஊளையிடும். மைக்கின் பின்பக்கத் துளைகள் அடைபட்டால் அது எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்க ஆரம்பித்துவிடும். ஏறும்போதே "ஐயா, கீழே பிடிச்சுப் பேசுங்க" என்று பணிவாகச் சொன்னால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

சவுண்ட் செக் என்றால் பலருக்கு 'மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ'தான். அதை வைத்து கெயினை (மைக்கின் சிக்னலை மிக்ஸர் எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற அளவை) வைத்தால், பேச்சாளர் ஆவேசமாகக் குரல் உயர்த்தும் இடத்தில் கரகரவென்று உடையும். ஒரு ஆளை மேடையில் நிறுத்தி, உண்மையான வேகத்திலும் சத்தத்திலும் பத்திரிகையைப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் மிக்ஸரை விட்டு எழுந்து கடைசி வரை நடந்து கேளுங்கள். நிகழ்ச்சி மண்டபத்தில் என்றால், காலியாக இருக்கும்போது எதிரொலி அதிகம், கூட்டம் வந்ததும் குறையும். அதனால் செக்கில் வைத்தது அப்படியே நிற்கும் என்று நம்ப வேண்டாம். வயர்லெஸ் மைக்கும் அப்படித்தான், குறிப்பாக வைஃபை, புளூடூத் போகும் அதே அலைவரிசையில் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை. கூட்டத்தோடு ஆயிரம் போன்கள் உள்ளே வந்த பிறகு விட்டுவிட்டுக் கேட்கும். ஒரு வயர் மைக்கை மேடையோரம் தயாராக வையுங்கள்.

இனி சொல்வதில் மட்டும் சமரசமே கூடாது. 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால் எர்த் வயரைக் கழற்றிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பிளக்கே இல்லாமல் இரண்டு வயரைச் சாக்கெட்டில் செருகி, தீக்குச்சியால் இறுக்குகிறவர்களையும் பார்க்கிறேன். மேடையில் நிற்பவர் வெறுங்காலோடு நிற்கிறார், சாயங்காலம் பெய்த தூறலில் தரை ஈரம், கையில் இருப்பது உலோக மைக். எங்கோ கசியும் மின்சாரம் போக எர்த் இல்லையென்றால் அவர் உடம்பு வழியாகத்தான் இறங்கும். ஹம் வந்தால் மிக்ஸருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள், சீரியல் லைட்டை வேறு லைனில் போடுங்கள், கீபோர்டுக்கு டி.ஐ. பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) வையுங்கள். மேடைக்குப் போகும் லைனில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். இத்தனையும் செய்த பிறகும், மைக்கின் தலையில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் யார் கையிலும் கொடுக்கிறேன்.