முதல் வண்டிக்கு ஒரு கணக்கு, மூன்றாவது வண்டிக்கு வேறு கணக்கு

பைக் வாங்கப் போனால் ஷோரூமில் எல்லாரும் முதலில் கேட்பது சிசியும் மைலேஜும்தான். புதிதாக ஓட்டுபவருக்கு இரண்டும் பிற்பாடு. எடை என்ன, சீட் எவ்வளவு உயரம், ஆக்சிலரேட்டரைத் தெரியாமல் முறுக்கிவிட்டால் வண்டி எவ்வளவு பாயும்? இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ, 8 பிஎஸ் (இன்ஜின் வலுவின் அளவு). ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350 என்றால் 195 கிலோ, 20 பிஎஸ். கேடிஎம்மின் 390 டியூக் 168 கிலோதான், ஆனால் 46 பிஎஸ். டன்னுக்கு எத்தனை பிஎஸ் என்று வகுத்துப் பார்த்தால் முறையே ஏறத்தாழ 70, 103, 270 வரும். ஆக, புல்லட் வகை வண்டியில் புதியவரைப் படுத்துவது வேகம் இல்லை, எடை. டியூக்கில் அப்படியே தலைகீழ்.

கனமான வண்டி பெரும்பாலும் ஓடும்போது விழுவதில்லை. யூ-டர்னிலும், கடை வாசல் மணலிலும், சரிவில் நிறுத்தும்போதும்தான் சாயும். ஹேண்டில் திரும்பியிருக்கும் நேரத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி உள்பக்கமாகச் சாய்கிறது. 195 கிலோ ஓரளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் காலால் தாங்க முடியாது.

அதனால் தினமும் போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டே ஷோரூமுக்குப் போங்கள். உட்கார்ந்தால் இரண்டு முன்பாதமும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். சீட் உயரத்தை மட்டும் நம்பாதீர்கள், 790 மி.மீ. சீட்டே அகலமாக இருந்தால் கால் விரிந்து எட்டாமல் போகும். இன்ஜினை அணைத்துவிட்டு, லேசான ஏற்றத்தில் பின்னோக்கிப் பத்தடி தள்ளிப் பாருங்கள். பிறகு முதல் கியரில், ஹாஃப் கிளட்சில், இருவழிச் சாலை அகலத்துக்குள் கால் ஊன்றாமல் ஒரு யூ-டர்ன். இதில் திணறினால் அடுத்த மாடலைப் பாருங்கள்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பது) கட்டாயம். அதற்குக் கீழே சிபிஎஸ் போதும் என்று விதி வந்தது. சிபிஎஸ்ஸில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் சக்கரம் லாக் ஆவதைத் தடுக்காது. சிங்கிள் சேனல் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும்தான். மழையில் பதறிப்போய்ப் பின் பிரேக்கை மிதிக்கும் புதியவருக்கு வால் வழுக்கும். ஊருக்குள் மட்டும் ஓட்ட 100–125 சிசி தாராளம். பைபாஸில் போவதாக இருந்தால் இரண்டு சக்கரத்துக்கும் வேலை செய்யும் டூயல் சேனல் ஏபிஎஸ் உள்ள 160 சிசி வண்டி நல்லது.

முதல் வண்டி எப்படியும் ஒருமுறை விழும், அதனால் செகண்ட் ஹேண்டே புத்திசாலித்தனம். பார்க்கப் போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். முன்பே சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகாத குறையை மறைத்திருக்கலாம். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது: பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கோடு தெரிந்தால் ஆயில் சீல் போய்விட்டது. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல வளைந்திருந்தால் செயினையும் சேர்த்து செட்டாக மாற்ற வேண்டும். பழைய ஸ்பிராக்கெட் புதுச் செயினைத் தின்றுவிடும். சென்டர் ஸ்டாண்டில் முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் சிக்கினால் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) காலி. சேசிஸ் எண் ஆர்சியோடு ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தாக வேண்டும். கடன் வண்டி என்றால், கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35-உம் வங்கியின் என்ஓசியும் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

அனுபவசாலி கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: இப்போதுள்ள வண்டி எங்கே போதவில்லை? முதுகு வலியும் வழுக்கலும்தான் குறை என்றால் சீட் குஷனும் நல்ல டயரும் மாற்றிப் பாருங்கள், பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே அடங்கிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நிஜமாகவே வலு போதவில்லை என்றால் பிஎஸ்ஸைவிட டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) எந்த ஆர்பிஎம்மில் (நிமிடச் சுழற்சியில்) வருகிறது என்று பாருங்கள். கிளாசிக்கின் 27 நியூட்டன் மீட்டர் 4000-இலேயே கிடைத்துவிடும். 200 டியூக்கில் 19 சொச்சம், அதுவும் 8000-ஐத் தொட வேண்டும். ஆள் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, 200 டியூக்கில் ஓயாமல் கியர் மாற்ற வேண்டியிருக்கும். தனியாகப் போய் வளைவுகளை ரசிப்பவருக்கு அதுவே சுகம்.

டெஸ்ட் ரைடில் ஷோரூமைச் சுற்றி வருவது எதையும் காட்டாது. 90 கி.மீ. வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டினால்தான் விரல் நுனியிலும் ஃபுட்ரெஸ்டிலும் அதிர்வு தெரியும். வாடகைக்குக் கிடைத்தால் ஒருநாள் எடுத்து, நெரிசலில் ரேடியேட்டர் விசிறி தொடையில் அடிக்கும் அனலையும் பார்த்துவிடுங்கள்.

பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பல ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் பின்சீட் உயரமாகவும் குறுகலாகவும் இருக்கும், பிடித்துக்கொள்ளச் சரியான கைப்பிடி இருக்காது. சேலை கட்டியவர் ஏறி உட்கார முடியாவிட்டால் புது வண்டி வாசலில் நிற்கும், கல்யாண வீட்டுக்குப் பழைய ஸ்கூட்டிதான் போகும்.