லண்டன் ஜெபாலயத்துக்கு முதன்முறை போகும் இந்திய யூதருக்கு

அக்கா மகள் செப்டம்பரில் லண்டனுக்குப் படிக்கப் போகிறாள். "சித்தி, அங்கே சினகாக்குக்கு (யூத ஜெபாலயத்துக்கு) போனால் என்னென்ன கேட்பார்கள்?" என்று போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். நான் அந்த ஊரில் பதினொரு வருடம் இருந்தவள். நாலு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், இவ்வளவு நீண்டுவிட்டது. யூதராகப் பிறந்தும் பார்வைக்கு அப்படித் தெரியாத வேறு சிலருக்கும் உதவட்டும் என்று இங்கே போடுகிறேன்.

நாங்கள் பெனே இஸ்ரேல், மகாராஷ்டிராவின் கொங்கண் கரை யூதர்கள். அலிபாக் பக்கம் நவ்காவ் என்ற ஊரருகே கப்பல் உடைந்து ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் கரையேறினார்கள், அவர்கள் வழி வந்தவர்கள் நாம் என்று ஆஜி, அதாவது பாட்டி, சொல்வார். செக்காட்டிப் பிழைத்த கூட்டம். யூதருக்கு ஓய்வுநாளான சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது, அதனால் ஊரார் வைத்த பெயர் 'ஷனிவார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர். அப்பாவுக்கு ரயில்வே வேலை, பெரம்பூருக்கு மாற்றல். ஆக எனக்கு வீட்டில் மராத்தி, பள்ளியில் தமிழ், பண்டிகைக்கு எபிரேயம்.

சரி, வாசலில் இருந்து தொடங்குவோம். லண்டன் ஜெபாலயங்களில் காவல் இருக்கும். தாக்குதல் பயத்தால் வைத்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் முதலில் போனது ஒரு நவம்பர் சனிக்கிழமை. மழை, சல்வார், முதுகில் பெரிய பை. எனக்கு முன்னால் போன குடும்பம் "ஷபாத் ஷாலோம்" என்று ஓய்வுநாள் வாழ்த்துச் சொன்னது, உள்ளே போனது. நானும் அதையேதான் சொன்னேன். மஞ்சள் ஜாக்கெட் போட்ட பையன் கையை நீட்டித் தடுத்தான். யாரைப் பார்க்க வந்தீர்கள், பையில் என்ன, இந்த வாரம் யூத வேதமான தோராவில் எந்தப் பகுதி படிக்கிறோம்? எனக்குச் சுருக்கென்றது. உடைந்த கப்பலில் ஆரம்பித்து இரண்டாயிரம் வருடக் கதையை அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன். பின்னால் குடைகளோடு வரிசை நீண்டது. ஒருவழியாக உள்ளே விட்டபோது, நான் கேட்க வந்த வாசிப்பு முடிந்திருந்தது.

அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். செவ்வாய், புதன்வாக்கில் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: பெயர், எந்தச் சனிக்கிழமை வருகிறீர்கள், 'இந்தியாவின் பெனே இஸ்ரேல் குடும்பம்' என்று ஒரு வரி. வாசலில் இருப்பவரிடம் உங்கள் பெயரைச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். பெரிய பை வேண்டாம். பழமைவழிச் சபைகளில் ஓய்வுநாளன்று போனை எடுப்பதும் பேனா பிடிப்பதும் கூடாது, அணைத்து வைத்துவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் உங்களை மட்டும் தனியாக நிறுத்தினால் வாசலில் வாதாடாதீர்கள், திங்கட்கிழமை நிர்வாகக் குழுவுக்கு எழுதுங்கள். பிரிட்டிஷ் யூதர்களின் பிரதிநிதிகள் சபை, பத்திரிகையாளர் ஸ்டீபன் புஷ் தலைமையில் ஒரு குழு அமைத்து, 2021இல் 119 பரிந்துரைகளோடு அறிக்கை வெளியிட்டது. தோலின் நிறத்தைப் பார்த்து வாசலில் நிறுத்துவதும் அதில் பேசப்பட்டிருக்கிறது. கடிதத்தில் அந்த அறிக்கையைக் குறிப்பிட்டால் பதில் சீக்கிரம் வரும்.

உள்ளே போனதும் முன்வரிசையில் போய் உட்காராதீர்கள். பலருக்கும் இது என் இடம் என்று ஒரு நாற்காலி இருக்கும், பரம்பரைச் சொத்து மாதிரி. பின்னால் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். ஜெபப் புத்தகத்துக்குப் பெயர் சித்தூர். (ஆந்திரா எல்லையில் இருக்கும் சித்தூர் இல்லை. அக்காவுக்கு இதைச் சொல்லிச் சிரிக்காமல் இருக்க முடியாது.) மெட்டு வேறாக இருக்கும், உச்சரிப்பும் வேறு. நாம் ஷபாத் என்றால் அங்கே பெரியவர்கள் ஷாபஸ் என்பார்கள். லண்டன் யூதர்களில் பெரும்பாலோர் அஷ்கெனாசிகள், கிழக்கு ஐரோப்பாவில் இருந்து வந்தவர்கள். நம் வழிபாடு செபார்டி முறை, ஸ்பெயின், போர்ச்சுகல் யூதர்களின் வழி. வீட்டுப் பாட்டுக்குக் கொஞ்சம் நெருக்கமாகக் கேட்க வேண்டுமென்றால் 1701இல் கட்டிய பெவிஸ் மார்க்ஸுக்கு ஒருமுறை போய் வாருங்கள். அந்த வழி யூதர்களின் ஜெபாலயம் அது. அங்கேயும் நம் பாட்டு இருக்காது, ஆனால் காது கொஞ்சம் ஆறும்.

வழிபாடு முடிந்து கேக்கும் ஒயினும் தரும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும். "நீங்கள் எப்போது மதம் மாறினீர்கள்?" கேட்பவர் பெரும்பாலும் அன்பாகத்தான் கேட்பார். உண்மையிலேயே மதம் மாறி வந்தவரிடம் அதை நினைவூட்டிப் பேசக் கூடாது என்பது யூத நெறி. ஆக அந்தக் கேள்வி யாரிடமும் கேட்கத் தகாதது. முதல் நாளே இதைச் சொல்லிப் பாடம் எடுக்க வேண்டாம். நான் பழகிக்கொண்ட பதில் இதுதான்: "மாறவில்லை, பம்பாய் பக்கத்து யூதர்கள் நாங்கள். உங்கள் குடும்பம் எந்த ஊர்?" அந்தக் கூடத்தில் ஏறக்குறைய எல்லோருடைய கொள்ளுத்தாத்தாவும் எங்கிருந்தோ வந்தவர்தான். லிதுவேனியா, போலந்து என்று ஆரம்பித்துவிடுவார்கள், உங்களைக் கேட்பதை மறந்துவிடுவார்கள். இன்னும் விவரம் கேட்பவரிடம் மட்டும் கப்பலை எடுங்கள்.

புளித்த மாவை விலக்கும் பஸ்கா பண்டிகையில் அரிசி ஒரு பெரிய விஷயம். அஷ்கெனாசிகள் அந்த எட்டு நாளும் அரிசி, பருப்பு தொட மாட்டார்கள். நமக்கு அரிசி உண்டு. தமிழ்நாட்டில் வளர்ந்தவளிடம் போய் எட்டு நாள் சோறு இல்லை என்றால்! யாராவது "அது கூடாதே" என்றால் "எங்கள் வழக்கத்தில் உண்டு" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு அங்கே மதிப்பு இருக்கிறது. அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டால் மட்டும் உருளைக்கிழங்கு சமைத்து வையுங்கள். அப்புறம், குழந்தைக்கு உயிரோடு இருக்கும் தாத்தா பெயரை அவர்கள் வைப்பதில்லை, செபார்டி முறையில் வைப்பார்கள். முகம் சுளித்தால் காரணம் இதுதான்.

இனி காகிதங்கள். இதில் சோம்பல் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் பழமைவழிச் சபையில் கல்யாணம் என்று வந்தால் பெற்றோரின் கெத்துபாவைக் கேட்பார்கள், அதாவது அவர்கள் திருமண ஒப்பந்தத்தை. இந்தக் கேள்விக்கு நம்மிடையே பழைய காயம் ஒன்று உண்டு. 1962இல் இஸ்ரேலின் தலைமை ரபிகள் (மதகுருக்கள்), பெனே இஸ்ரேல்காரர் வேறு யூதச் சமூகத்தில் மணம் செய்ய வந்தால் அவர்கள் தாய்வழியைத் தலைமுறை தலைமுறையாக விசாரிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பழைய மணமுறிவுகள் நெறிப்படி நடந்தனவா என்று அவர்களுக்குச் சந்தேகம். நம்மவர்கள் ஜெருசலேமில் போய் உட்கார்ந்து போராடினார்கள். 1964இல்தான் அந்த உத்தரவு மாறியது. ஆஜி இதைச் சொல்லும்போது இன்னும் போன மாதம் நடந்தது போலச் சொல்வார்.

எனவே கிளம்பும் முன் அம்மா அப்பாவின் கெத்துபாவையும், கிடைத்தால் தாத்தா பாட்டியுடையதையும், முழுத் தாளும் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். தொலைந்திருந்தால் கல்யாணம் நடந்த ஜெபாலயத்தின் பதிவேட்டைக் கேளுங்கள். கல்லறைகளையும் படமெடுங்கள். இங்கே ஒரு சிக்கல் வரும், பெயர்கள் ஒத்துப்போகாது. நம் முன்னோர் எபிரேயப் பெயரை மராத்தி வாய்க்கு ஏற்ப மாற்றியிருப்பார்கள். சாமுவேல் சாமாஜி, எசேக்கியேல் ஹசாஜி, ஆபிரகாம் ஆபாஜி. பம்பாயில் 1796இல் முதல் ஜெபாலயம் கட்டிய சாமுவேல் எசேக்கியேல் திவேகரே சாமாஜி ஹசாஜி திவேகர்தான். பெயரின் வாலில் இருக்கும் '-கர்' ஊரைச் சொல்லும், பேண் ஊர்க்காரர் பேண்கர். இரண்டு பெயரையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அம்மாவிடம் காட்டிச் சரிபார்த்து, கெத்துபாவோடு சேர்த்து வையுங்கள். உங்கள் எபிரேயப் பெயரும் அப்பாவின் எபிரேயப் பெயரும் மனப்பாடமாக இருக்கட்டும். தோரா வாசிக்க அழைக்கும்போது அதைத்தான் கேட்பார்கள். முற்போக்குச் சபைகளில் பெண்களையும் அழைப்பார்கள்.

புகார் சொல்லும் முன் நம் வீட்டுக் கதையையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. நம்மிலேயே 'கோரா இஸ்ரேல்', 'காளா இஸ்ரேல்' என்று பிரிவு இருந்தது, வெள்ளை, கறுப்பு. கலப்புத் திருமணத்தில் வந்தவர்கள் என்று சொல்லி கோராக்கள் காளாக்களுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். ஒரு குடும்பத்தின் பெயர் வந்தால் ஆஜி குரலைத் தாழ்த்துவார். நான் கேட்டிருக்கிறேன். ஈராக் பக்கமிருந்து இந்தியா வந்த பாக்தாதி யூதர்கள் சிலர், கூட்டு ஜெபத்துக்கு வேண்டிய பத்துப் பேர் கணக்கில் நம்மைச் சேர்க்க மறுத்தார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி (வெளிநாட்டு வழி வந்த யூதர்களின்) ஜெபாலயத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் சந்ததிக்கு முன்கூடத்துத் தரைதான். அவர்களில் ஒருவரான வக்கீல் ஏ. பி. சேலம் காந்தியின் சத்தியாகிரகத்தை அந்த ஜெபாலயத்துக்குள்ளேயே கொண்டுபோனார், தடைகள் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தன. லண்டனில் எத்தியோப்பிய யூதரோ ஏமன் யூதரோ கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்தப் பக்கம் என்று அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

மூன்று நான்கு மாதம் பழகிய பிறகு அவர்களை உங்கள் அறைக்கு மலிதாவுக்குக் கூப்பிடுங்கள். எலியா தீர்க்கதரிசிக்கு நன்றி சொல்லி நாம் செய்வது, வேறெந்த யூதர் வீட்டிலும் அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், சுற்றிலும் பழங்கள். எலியாவைப் பற்றிய 'எலியாகு ஹனவி' பாட்டு அவர்களுக்கும் தெரியும், மெட்டுத்தான் வேறு. முதலில் அவர்கள் மெட்டில் ஒரு தடவை, அப்புறம் நம் மெட்டில். அவல் லண்டன் இந்தியக் கடைகளில் கிடைக்கும், கெட்டி அவலாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிசு அவலை நனைத்துவிட்டுப் பேச உட்கார்ந்தால் கூழாகிவிடும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது. வந்தவர்கள் அதைக் கரண்டி போட்டுச் சாப்பிட்டுவிட்டு, இதுதான் மலிதா என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.