பார்சிலோனாவிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலில்: டிக்கெட் எடுப்பது எப்படி?

பார்சிலோனாவில் காலையில் ரயில் ஏறினால் அன்றிரவே ஆம்ஸ்டர்டாமில் இறங்கிவிடலாம். நான்கு நாடுகளைக் கடக்கும் இந்தப் பாதையில் தண்டவாளத்தால் தொல்லை இல்லை, டிக்கெட்டால்தான் தொல்லை. முதல்முறை போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: நேரத்தைப் பாருங்கள்

விலையை அப்புறம் பார்க்கலாம். ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பானின் செயலியில் ஐரோப்பாவின் பெரும்பாலான ரயில்களுக்கு நேரம் கிடைக்கும். அவர்கள் விற்காத ரயில்களுக்கு விலை மட்டும் வராது. புதிய கால அட்டவணை ஆண்டுதோறும் டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை நள்ளிரவில் அமலாகும்.

படி 2: எந்த ரயில், எந்த நிலையம்?

பாரிஸ் வரை பிரெஞ்சு ரயில்வேயின் டிஜிவி என்ற அதிவேக ரயில், ஏறக்குறைய ஏழு மணி நேரம். அங்கிருந்து யூரோஸ்டார் என்ற இன்னொரு அதிவேக ரயில், மூன்றரை மணி நேரத்துக்குள். டிஜிவி வந்து நிற்பது கார் து லியோன் நிலையத்தில். யூரோஸ்டார் கிளம்புவது கார் து நோர் நிலையத்தில். இடையில் ஆர்இஆர் டி என்ற பாரிஸ் நகர ரயிலில் இரண்டே நிறுத்தம்தான். ஆனாலும் பெட்டிகளோடு போகிறவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

படி 3: ஒரே டிக்கெட்டா, தனித்தனியா?

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் உரிமைச் சட்டம் 2023 ஜூன் முதல் புதிய வடிவில் அமலில் இருக்கிறது. ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம் இழப்பீடு. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக, அதாவது ஒரே ஒப்பந்தமாக இருந்து இணைப்பு ரயில் தவறினால், உங்களை ஊர் சேர்ப்பது ரயில் நிறுவனத்தின் பொறுப்பு.

தனித்தனி டிக்கெட் என்றால்? டிஜிவி 50 நிமிடம் தாமதமாகி, அதனால் யூரோஸ்டாரைத் தவறவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ரயிலின் தாமதம் ஒரு மணி நேரத்தைத் தொடவில்லை, அதனால் இந்தச் சட்டப்படி இழப்பீடு கிடையாது. இரண்டாவது ரயிலோ சரியான நேரத்துக்குப் போய்விட்டது. நஷ்டம் முழுக்க உங்கள் தலையில்.

ஒரே தளத்தில் ஒரே தடவை பணம் கட்டியதாலேயே ஒரே ஒப்பந்தம் ஆகிவிடாது. 'இவை தனித்தனி ஒப்பந்தங்கள்' என்று விற்பவர் முன்கூட்டியே தெரிவித்திருந்தால் அவர் பொறுப்பு முடிந்தது. அந்த வாசகம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

இது பயணிக்கு இழைக்கும் அநியாயம் என்றே நினைக்கிறேன். பல நிறுவனங்கள் தங்கள் டிக்கெட்டுகளைப் பிறர் விற்க எளிதில் விடுவதில்லை. ஒரே தளத்தில் ஒரே டிக்கெட், பயணம் முழுவதற்கும் உரிமை என்று ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன் 2024-ல் வாக்குறுதி தந்தார். சட்டம் அதைக் கட்டாயமாக்கினால்தான் நிலைமை மாறும். வரியிலும் ரயில் பயணிக்குப் பாரபட்சம்தான்: சர்வதேச விமான டிக்கெட்டுக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை, எல்லை தாண்டும் ரயிலுக்கோ, தன் எல்லைக்குள் ஓடும் தூரத்துக்கு ஜெர்மனி வரி வாங்குகிறது.

படி 4: பாஸ் வேண்டுமா?

பல நாட்டு ரயில்களுக்கு ஒரே பாஸ் உண்டு: ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இண்டர்ரெயில், மற்றவர்களுக்கு யூரெயில். பாஸ் இருந்தாலும் டிஜிவி, யூரோஸ்டார் இரண்டிலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும்.

படி 5: தாமதமானால்

ரயிலை விட்டு இறங்கும் முன்பே ஊழியரிடம் தாமதத்துக்குச் சான்று கேளுங்கள். தனித்தனி டிக்கெட் வைத்திருப்பவரையும் இடமிருந்தால் அடுத்த ரயிலில் ஏற்றிக்கொள்ளப் பல நிறுவனங்கள் தங்களுக்குள் உடன்பாடு செய்திருக்கின்றன. இது சலுகைதான், கேட்டால்தான் கிடைக்கும். அதனால் புது டிக்கெட் வாங்கும் முன் அந்தச் சான்றோடு கவுண்டருக்குப் போங்கள்.