ஆக்டிவேட் ஸ்கிரிப்ட்டில் கமெண்ட் சறுக்கும் இடங்கள்

பைத்தான் நிரல்மொழியில், ஒவ்வொரு திட்டத்துக்கும் நூலகங்களைத் தனித்தனியே வைத்துக்கொள்ள உதவும் மெய்நிகர் சூழல் வசதி 3.3 பதிப்போடு 2012-இல் வந்தது. அந்தச் சூழலுக்குள் நுழைய உதவும் ஆக்டிவேட் ஸ்கிரிப்ட் ஓர் எச்சரிக்கைக் கமெண்டோடுதான் (படிப்பவருக்கான குறிப்பு, கணினி அதை இயக்காது) தொடங்குகிறது: இதை பாஷ் ஷெல்லில் (நாம் இடும் கட்டளைகளை இயக்கும் நிரல்) ‘சோர்ஸ்’ கட்டளையால் ஏற்ற வேண்டும், நேரடியாக இயக்க முடியாது. சொந்தமாக இப்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் முதலில் விட்டுவிடுவது இந்தக் கமெண்டைத்தான். நேரடியாக இயக்கினால் ஸ்கிரிப்ட் தனி ஷெல்லில் ஓடும். அது மாற்றிய மாறிகள் அந்த ஷெல்லோடு மறைந்துவிடும். பிழைச் செய்தியும் வராது. சூழல் ஏறிவிட்டதென்று நம்பி, நூலகங்களை வேறெங்கோ நிறுவிக்கொண்டிருப்போம். ஒரு மாலைப்பொழுதை நானும் இப்படித் தொலைத்திருக்கிறேன்.

அடுத்தது, குறியீட்டையே திருப்பிச் சொல்வது. கட்டளைகளை எந்தக் கோப்பகங்களில், எந்த வரிசையில் தேடுவது என்று ஷெல்லுக்குச் சொல்வது பாத் மாறி. ‘பாத் மாறியை மாற்றுகிறோம்’ என்ற கமெண்டால் யாருக்கு என்ன பயன்? அதைத்தான் கீழ்வரி காட்டுகிறதே. ‘கணினியில் ஏற்கெனவே உள்ள பைத்தானுக்கு முன் நம் பைத்தான் அகப்பட வேண்டும், அதனால் நம் கோப்பகம் பாத்தின் தொடக்கத்தில்’ என்று எழுதினால், அதைக் கடைசிக்கு நகர்த்த நினைப்பவர் ஒரு கணம் நிற்பார்.

‘ஹாஷ்’ வரியும் இப்படித்தான். ஒரு கட்டளையை முன்பு எங்கே கண்டோம் என்பதை ஷெல் நினைவில் வைத்துக்கொள்கிறது. ‘ஹாஷ்’ வரியால் அதை மறக்கச் செய்யாவிட்டால் பாத்தில் செய்த மாற்றம் எடுபடாமல் போகலாம். பைத்தானின் ஸ்கிரிப்ட் இந்தக் காரணத்தைச் சொல்கிறது. அந்தக் கமெண்ட் இல்லையென்றால், வேண்டாத வரி என்று எவரேனும் அழித்துவிடுவார்.

நகைச்சுவையிலும் கவனம் தேவை. சூழலிலிருந்து வெளியேற உதவும் டிஆக்டிவேட் செயற்கூற்றுக்குள் ‘தன்னழிப்பு!’ என்ற பொருளில் ஒரு கமெண்ட் உண்டு. எனக்கு அது பிடிக்கும். ஆனால் புதியவர் சூழலின் கோப்பகமே அழியப் போகிறது என்று பதறலாம். அழிவது அந்தச் செயற்கூறு மட்டுமே.

பழைய ஸ்கிரிப்ட்டிலிருந்து கமெண்டுகளோடு நகலெடுத்துவிட்டு, குறியீட்டை மட்டும் திருத்துவது இன்னொரு வழக்கம். கமெண்ட் ஒன்று சொல்லும், வரி வேறொன்று செய்யும். அதற்குக் கமெண்ட் இல்லாமலே இருக்கலாம்.

குறையை மறைப்பதும் தவறுதான். பைத்தானின் நூலகங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும் பைத்தான்ஹோம் மாறியை நீக்கும் இடத்தில், அதன் மதிப்பு வெறுமையாக இருந்தால் ‘மாறி இருக்கிறதா’ என்ற சோதனை பலிக்காது என்று அதே ஸ்கிரிப்ட் ஒப்புக்கொள்கிறது. அப்படி வைப்பதே சரியில்லை என்று அடைப்புக்குறிக்குள் ஒரு முணுமுணுப்பு வேறு.