வீட்டுக் கரண்ட் வேறு, கப்பல் கரண்ட் வேறு: கெபினில் சார்ஜ் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு, சிங்கப்பூரிலோ மயாமியிலோ இருந்து புறப்படுகிற சுற்றுலாக் கப்பலில் ஒரு வாரம் ஏற்றி விடுவது திருகோணமலைக் குடும்பங்களில் இப்போது புதினமான விஷயம் இல்லை. 2023 இல் சென்னையில் இருந்து எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்துபோனதில் இருந்து, "நாங்களும் ஒருக்கால் போனால் என்ன" என்று கதைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நல்லது, போங்கள். ஆனால் பெட்டி கட்டும்போது உடுப்பையும் மருந்தையும் ஊறுகாய்ப் போத்தலையும் பற்றி யோசிக்கிற நாங்கள், சார்ஜரை மட்டும் கடைசி நிமிஷத்தில் சுவரில் இருந்து பிடுங்கிப் பையில் போடுகிறோம். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் தவறுதான் பெரிய தவறு, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கெபினில் ஒன்றிரண்டு பிளக் பொயின்ட்தான் இருக்கும் என்று கேள்விப்பட்டவுடன், வீட்டில் டிவிக்குப் பின்னால் கிடக்கிற நீட்டு வயரை, அதுவும் சேர்ஜ் புரொடெக்டர் (வோல்டேஜ் திடீரென்று எகிறினால் சாமானைக் காக்கிற பாகம்) உள்ள நல்ல வயரை, பெட்டியில் வைக்கிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் இடி மின்னல் பிளக்கிற எங்கள் ஊரில் அது தேவையான சாமான், மறுக்கவில்லை. கப்பலில் அதே சாமான் ஆபத்து.

காரணம் இதுதான். வீட்டுக்கு வருகிற இரண்டு வயரில் ஒன்று லைவ், மற்றது நியூட்ரல், அந்த நியூட்ரல் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். பல கப்பல்களில் அப்படி இல்லை, இரண்டு வயருமே லைவ், இரண்டில் எதையும் கப்பலின் இரும்பு உடம்போடு இணைத்திருக்க மாட்டார்கள். எங்கேயாவது ஒரு வயர் தேய்ந்து இரும்பில் தொட்டாலும் பம்பும் சுக்கானும் உடனே நின்றுவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. ஆனால் அப்படி ஒரு வயர் தொட்டால், மற்ற வயருக்கும் எர்த்துக்கும் இடையில் வோல்டேஜ் ஏறும். சேர்ஜ் புரொடெக்டருக்குள் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே இருக்கிற சின்னப் பாகம் அதை மின்னல் என்று எடுத்துக்கொண்டு கரண்டைக் கடத்தத் தொடங்கும், சூடேறும், கருகும், தீயும் பிடிக்கலாம். அதில் இருக்கிற பாதுகாப்பு சுவிட்ச் பெரும்பாலும் ஒரு வயரை மட்டும்தான் வெட்டும். மற்ற வயரில் கரண்ட் அப்படியே நிற்கும், நீங்கள் "ஓஃப் ஆகிவிட்டது" என்று நினைத்துக் கையை வைப்பீர்கள். அமெரிக்கக் கரையோரக் காவல்படை 2013 இல் இதற்காகவே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது.

அதனால்தான் ஏறும் வாசலில் பெட்டியை எக்ஸ்ரேயில் பார்த்து வயரை எடுத்து வைத்துவிட்டு, இறங்கும்போது திருப்பித் தருகிறார்கள். சில வேளை பெட்டியே கெபினுக்கு வராது, பாதுகாப்பு அறைக்குப் போய் அவர்கள் முன்னால் திறந்து காட்ட வேண்டிவரும். "சேர்ஜ் புரொடெக்டர் இல்லாத சாதா மல்டி பிளக்தானே" என்பதும் எல்லா இடமும் செல்லாது. றோயல் கரீபியன் கப்பல் கம்பனி 2024 இல் அதையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. கம்பனிக்குக் கம்பனி விதி மாறும், வருஷத்துக்கு வருஷமும் மாறும், ஆகவே மூன்று வருஷத்துக்கு முன் போய்வந்த மச்சான் சொன்னதை நம்பாமல், நீங்கள் ஏறப்போகும் கப்பலின் தடைப் பட்டியலை நீங்களே ஒருதரம் வாசியுங்கள்.

சரி, அப்போது என்ன கொண்டுபோவது? ஒரே சுவர் பிளக்கில் குத்தி நாலைந்து யூஎஸ்பி கேபிள் போடக்கூடிய ஒரு சார்ஜர். 65 வாட்ஸ் அளவில் ஒன்று இருந்தால் இரண்டு போன், ஒரு டெப், ஒரு கைக்கடிகாரம் என்று ஒரு குடும்பத்துக்கு ஓடும். அந்த 65 வாட்ஸ் எல்லாத் துளைக்கும் பங்குபோகும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, அவசரமானதை முதலில் தனியாகப் போடுங்கள். இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. நடைபாதைக் கடையில் முந்நூறு நானூறு ரூபாய்க்கு விற்கிற சார்ஜரைக் கையில் தூக்கினாலே வெறும் கோது மாதிரி இருக்கும். ராத்திரி முழுக்கத் தலைமாட்டில் சூடாகிக்கொண்டு இருக்கப்போகிற சாமான் அது.

கட்டிலுக்குப் பக்கத்திலேயே யூஎஸ்பி துளை இருக்கிறதே, அது போதும் என்று சார்ஜரே கொண்டுபோகாமல் விடுவதும் சரிவராது. பல கப்பல்களில் அந்தத் துளைகள் பழைய வகை, 5 வாட்ஸ் அளவுதான் தரும். 5,000 மில்லி அம்பியர் பெட்டரி உள்ள போனுக்கு அது நாலரை, ஐந்து மணித்தியாலம் எடுக்கும்.

அடுத்தது பிளக்கின் வடிவம். எங்கள் புது வீடுகளில் 13 அம்பியர் சதுரப் பின், பழைய வீடுகளில் உருண்டை மூன்று பின். கப்பலில் அனேகமாக அமெரிக்கத் தட்டைப் பின் ஒன்றும், ஐரோப்பிய உருண்டை இரண்டு பின் ஒன்றும் இருக்கும், பிரிட்டன் பயணிகளுக்காகக் கட்டிய கப்பல்களில் 13 அம்பியரும் இருக்கும். ஐரோப்பிய சொக்கெட் ஒரு வட்டக் குழிக்குள் ஆழமாக இருக்கிறது. விமான நிலையத்தில் விற்கிற பெரிய சதுர அடப்டர் அந்தக் குழிக்குள் இறங்காமல் பாதியில் தொங்கும். பாதித் தொடுப்பில் நிற்கிற பின்தான் பொறி பறந்து கருகுவது. மெல்லிய இரண்டு உருண்டைப் பின் உள்ள சார்ஜர் என்றால் அடப்டரே வேண்டாம், நேரே இறங்கும். அமெரிக்க சொக்கெட்டுக்குச் சின்னதாக ஒரு தட்டைப் பின் அடப்டர் போதும்.

இங்கே ஒரு ஊர்ப்பழக்கத்தைச் சொல்லியே ஆகவேண்டும். 13 அம்பியர் சொக்கெட்டின் மேல் துளைக்குள் பேனை மூடியையோ டெஸ்டரையோ குத்தி, கீழே திறக்கிற இரண்டு துளைக்குள் இரண்டு பின் பிளக்கைத் திணிப்பது. வீட்டிலும் தப்பு, கப்பலில் பெரும் தப்பு. எங்கள் சொக்கெட்டில் சுவிட்ச் இருக்கிறது, ஓஃப் பண்ணிவிட்டுக் கை வைக்கலாம். கப்பலின் அமெரிக்க, ஐரோப்பிய சொக்கெட்டுகளில் பெரும்பாலும் சுவிட்சே இல்லை, எந்த நேரமும் லைவ். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

அடப்டர் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. போன், லெப்டொப் சார்ஜர்களின் முதுகில் பொடி எழுத்தில் "இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருக்கும். அது இருந்தால் 110 ஆனாலும் 220 ஆனாலும் கவலை இல்லை. இல்லாத சாமான்தான் பிரச்சினை. இங்கே வாங்கிய 230 வோல்ட் சூடாக்கும் சாமானை 110 இல் போட்டால் கால்வாசிச் சூடும் வராது. கனடாவில் இருந்து வந்த மகளின் 120 வோல்ட் முடி சுருட்டியை 220 இல் போட்டாலோ மூன்று மடங்குக்கு மேல் சூடேறி எரிந்துபோகும். அயன் பெட்டியும் மின் கேத்தலும் அனேகமாக எந்தக் கப்பலிலும் அனுமதி இல்லை, வீட்டிலேயே விட்டுவிடுங்கள். குளியலறையில் "ஷேவருக்கு மட்டும்" என்று இருக்கிற சொக்கெட்டில் போனைப் போடாதீர்கள், அது மிகச் சின்ன வேலைக்கென்று செய்தது.

பவர் பேங்க் பற்றி. 2022 இல் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் வாங்கியது இன்னமும் பல வீடுகளில் லாச்சிக்குள் கிடக்கிறது. எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள். நடுவில் உப்பி மேசையில் ஆடுகிறதா, மூடி விலகி இருக்கிறதா? அப்படியானால் அதைச் சார்ஜ் போட்டுப் பார்க்கவே வேண்டாம், கப்பலுக்கும் விமானத்துக்கும் கொண்டுபோகவும் வேண்டாம். நல்லதாக இருந்தால் விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், அதில் அடங்கும் கரண்ட் 100 வாட் மணிக்குள் (Wh) இருக்க வேண்டும். 20,000 மில்லி அம்பியர் என்பது 74 வாட் மணி, ஆகவே பயமில்லை. கட்டுநாயக்காவில் இருந்து சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் கவனிக்க: சிங்கப்பூர் எயார்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் பவர் பேங்க் பாவிப்பதையே நிறுத்திவிட்டது.

சில கப்பல்களில் கதவுப் பக்கத்தில் அறை அட்டையைச் செருகினால்தான் கரண்ட். அட்டையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனால் சார்ஜும் நின்றுவிடும். ஏறிய அன்றே ஒருக்கால் சோதித்துப் பாருங்கள், அப்புறம் காலையில் கரை இறங்கும்போது கையில் செத்த போனோடு நிற்கத் தேவையில்லை.

தலையணைக்குக் கீழ், போர்வைக்குள், மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் வைத்துச் சார்ஜ் போடவே கூடாது. கடலின் நடுவே தீ பிடித்தால் வெளியே ஓடி நிற்க முற்றம் இல்லை. மேசையில், காற்றுப்படுகிற இடத்தில் வையுங்கள். நீச்சல் தடாகத்தாலும் கடற்கரையாலும் வந்தவுடன் ஈரப் போனில் கேபிளைச் செருகுவதும் வேண்டாம், உப்புத் தண்ணீர் பட்ட துளைக்குள் கரண்ட் போனால் பின்கள் அரித்துவிடும். நிலாவெளியில் கடல் குளித்துவிட்டு வந்து போனைக் கெடுத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நித்திரையில் மூச்சுக்கு மெஷின் போடுகிறவர்கள், நெபுலைசர் பாவிக்கிறவர்கள் கெபினுக்குள் போன பிறகு யோசிக்காதீர்கள். டிக்கெட் போட்ட கையோடு கம்பனிக்கு எழுதிக் கேளுங்கள், மெஷினின் வோல்டேஜையும் பிளக் வகையையும் சேர்த்து எழுதுங்கள். கட்டிலுக்கு எட்டுகிற, கப்பலுக்குப் பொருத்தமான வயரை அவர்களே கொண்டுவந்து தருவார்கள். பிள்ளைகள் டிக்கெட் போடுகிறார்கள் என்றால் அவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள், அப்பாவின் மெஷின் விஷயம் டிக்கெட் போடும்போது அவர்களுக்கு ஞாபகம் வராமல் போகலாம்.