மாணவர் அனிமேஷன் படம்: கூட்டாக வேலை செய்யும்போதும் கருத்துக் கேட்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று நிமிட அனிமேஷன் படம் ஒன்றில், நொடிக்கு 24 ஃப்ரேம் (அசையாத தனிப்படம்) என்ற கணக்கில், 4,320 ஃப்ரேம்கள் இருக்கின்றன. ஓர் ஓவியத்தை இரண்டு ஃப்ரேம்களுக்கு நிறுத்தி வைத்தாலும் 2,160 முறை வரைந்தாக வேண்டும். இறுதியாண்டு மாணவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து தொடங்கும் படங்கள் பாதியில் நின்றுபோவதற்கு, யாரிடம், எப்போது, என்ன கேட்பது என்பதில் நேரும் பிழைகளே பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து. ஒவ்வொரு பிழையும் மேற்சொன்ன எண்ணிக்கையால் பெருகி உழைப்பை விழுங்கிவிடுகிறது.

அவற்றில் முதன்மையானது, அழகாக முடித்த பிறகே பிறருக்குக் காட்டுவது. அரைகுறை வேலையைக் காட்டக் கூச்சம் வருவது இயல்புதான். ஆனால் வண்ணம் தீட்டி நிழலும் சேர்த்துவிட்ட ஷாட்டைப் பார்ப்பவர், இவ்வளவு உழைத்திருக்கிறார்களே என்று தயங்கி, பின்னணியின் நிறத்தைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். கதையின் குறை அப்படியே தங்கிவிடும். கதையைப் பற்றிக் கேட்க ஏற்ற கட்டம் அனிமேட்டிக், அதாவது கதையைக் காட்சி காட்சியாக வரைந்த ஸ்டோரிபோர்டு படங்களை உரிய கால அளவில் அடுக்கித் தற்காலிகக் குரலும் ஒலியும் சேர்த்த வடிவம். 1993 நவம்பரில் 'டாய் ஸ்டோரி' படத்தின் கதை ரீலை (அனிமேட்டிக் போன்ற வடிவம்) டிஸ்னி நிர்வாகிகளுக்குத் திரையிட்டபோது, நாயகன் வுடி யாருக்கும் பிடிக்காத அளவுக்குக் கடுகடுப்பானவனாக இருந்தான்; தயாரிப்பே நிறுத்தப்பட்டது. படத்தை உருவாக்கிய பிக்ஸார் ஸ்டுடியோவின் குழு திரைக்கதையை மாற்றி எழுதி, 1995 நவம்பரில் படத்தை வெளியிட்டது. பெரும்பகுதி அப்போது ஸ்டோரிபோர்டு நிலையிலேயே இருந்ததால்தான் அவ்வளவு பெரிய திருத்தம் கைகூடியது.

"எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்பது அடுத்த தவறு. அதற்கு "நன்றாக இருக்கிறது" என்ற பதிலே வரும், அதை வைத்துக்கொண்டு எந்த வேலையும் செய்ய முடியாது. காட்டுவதற்கு முன் கதையை விளக்குவதும் கூடாது. விளக்கம் கேட்டவருக்குப் படத்தில் இல்லாததும் புரிந்துவிடும். எதுவும் சொல்லாமல் ஒருமுறை ஓட்டிக் காட்டி, பார்த்த கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். பாட்டி கதவைத் திறக்காததற்குக் கோபம் காரணம் என்று நீங்கள் வரைந்திருக்க, பார்த்தவர் "பாட்டிக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது" என்று சொன்னால், அதைவிடப் பயனுள்ள கருத்து வேறில்லை.

அப்படிக் கிடைக்கும் கருத்தைச் சொன்னபடியே செயல்படுத்துவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. நோயாளி வலியைச் சரியாகச் சொல்வார்; ஆனால் மருந்தையும் சரியாகச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. "ஏழாவது ஷாட் மெதுவாகப் போகிறது, வேகப்படுத்துங்கள்" என்று ஒருவர் சொன்னால், அங்கே அவருக்குச் சலிப்பு ஏற்பட்டது என்பது மட்டுமே உறுதி. அதற்குக் காரணம் ஆறாவது ஷாட்டில் இருக்கலாம்: கதாபாத்திரத்தின் கை உடலோடு ஒட்டி வரையப்பட்டதால் அது சாவியை எடுத்தது தெரியாமல் போயிருக்கலாம், சாவி தெரியாதவருக்கு அடுத்த ஷாட்டின் பதற்றம் எப்படிப் புரியும்? கையை உடலிலிருந்து விலக்கி வரைந்து, நிழலுருவில் பார்த்தாலும் செயல் தெரியும்படி அந்த ஒரு கீ போஸை (அசைவின் முக்கிய நிலையைக் காட்டும் ஓவியத்தை) திருத்தினால், ஏழாவது ஷாட்டைத் தொடவே வேண்டியிருக்காது. ஆகவே சொன்ன தீர்வைக் குறித்துக்கொள்வதோடு, "எந்த இடத்தில் கவனம் விலகியது?" என்றும் கேட்க வேண்டும்.

எல்லோருடைய கருத்தையும் ஏற்றுக்கொள்வதும் படத்தைக் கெடுக்கும். வழிகாட்டும் ஆசிரியர் ஒன்று சொல்ல, நண்பர்கள் வேறொன்று சொல்ல, குழுவில் வாக்கெடுப்பு நடத்தி இரண்டையும் பாதிப் பாதி சேர்த்தால் கிடைப்பது யாருடைய படமும் அன்று. பிக்ஸாரில் 'பிரெயின் டிரஸ்ட்' எனப்படும் குழு இயக்குநர்களின் படங்களைப் பார்த்து வெளிப்படையாகக் குறை சொல்லும். ஆனால் உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இல்லை, முடிவு இயக்குநருடையது. மாணவர் குழுவும் இறுதி முடிவு யாருடையது என்பதை முதல் வாரத்திலேயே பேசித் தீர்மானித்துவிட வேண்டும். நட்பு கெடும் என்று அந்தப் பேச்சைத் தள்ளிப்போடும் குழுவில்தான், கடைசி மாதத்தில் நட்பு உண்மையாகவே கெடுகிறது.

குழுவுக்குள் ஒருவர் மற்றவருக்குச் சொல்லும் கருத்து துல்லியமாக இருக்க வேண்டும். "இந்த நடை சரியில்லை" என்பது மனத்தைப் புண்படுத்துமே தவிர உதவாது; "14ஆம் ஷாட், 60ஆம் ஃப்ரேமிலிருந்து இடது கால் தரையில் வழுக்குகிறது" என்று எழுதினால் அதே நாளில் திருத்திவிடலாம். அதைவிட மோசமானது, வரைந்தவரிடம் சொல்லாமலே அவருடைய ஷாட்டை இரவோடு இரவாகத் திருத்தி வரைவது. நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது அவமதிப்பாகவே அவருக்குத் தோன்றும்.

கோப்புகள் விஷயத்தில் அலட்சியம் கூடாது. 'ஃபைனல்', 'புது ஃபைனல்' என்று பெயரிட்ட கோப்புகளில் எது கடைசி என்று ஒரே வாரத்தில் யாருக்கும் தெரியாது. ஷாட் எண்ணும் பதிப்பு எண்ணும் போதும். ஒருவர் நொடிக்கு 24 ஃப்ரேமிலும் எடிட் செய்பவர் 25 ஃப்ரேமிலும் வைத்துக்கொண்டால், 4,320 ஃப்ரேம்களும் 172.8 நொடிகளில் ஓடி முடிந்துவிடும். முடிவில் ஒலி 7.2 நொடி விலகி நிற்கும். 1998இல் 'டாய் ஸ்டோரி 2' தயாரிப்பின்போது தவறாக இட்ட ஒரு கட்டளையால் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது, பேக்கப்பும் கைகொடுக்கவில்லை; வீட்டிலிருந்து பணியாற்றிய ஒருவரின் கணினியில் இருந்த பிரதிதான் அதைக் காப்பாற்றியது.

கருத்துக் கேட்பதை எப்போது நிறுத்துவது என்று குறிக்காததும் தவறே. அனிமேட்டிக் உறுதியான பிறகு கதை மாற்றமும், ரெண்டர் (கணினி இறுதி ஃப்ரேம்களை உருவாக்கும் வேலை) தொடங்கிய பிறகு அசைவு மாற்றமும் ஏற்கப்படாது என்று தேதியோடு எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவது நல்லது. ஒரு ஃப்ரேமுக்கு ஐந்து நிமிடம் என்றால், 4,320 ஃப்ரேம்களை ஒரே கணினியில் ரெண்டர் செய்ய 15 நாட்கள் இரவு பகலாக ஆகும். சமர்ப்பிக்கும் நாளிலிருந்து அந்த 15 நாட்களையும், ஒருமுறை மின்சாரம் போவதற்கு இரண்டு நாட்களையும் கழித்துக்கொண்டு ரெண்டர் தொடங்கும் தேதியைக் குறிக்க வேண்டும்.