திருச்சியின் வரலாற்றை அதன் நிலத்தில் படிப்பது எப்படி?

திருச்சிராப்பள்ளியின் வரலாற்றைச் சோழர், பல்லவர், பாண்டியர், நாயக்கர் என்ற வரிசையில் மனப்பாடம் செய்பவர்களுக்கு அது எளிதில் மறந்துபோகிறது. இந்த நகருக்கு முதலில் மலை, அடுத்து ஆறு, அதற்கும் பிறகே அரசர்கள் என்ற வரிசைதான் பொருந்தும். ஏனெனில், இங்கே வந்து போரிட்டவர்கள் எல்லோரும் காவிரிக் கரையில் நிற்கும் இந்தப் பாறையையும், அதன் அடிவாரம் வழியாக வயல்களுக்குப் போகும் தண்ணீரையும் குறிவைத்தே வந்தார்கள்.

ஆகவே, வெயில் ஏறும் முன்பே மலைக்கோட்டையில் ஏறிவிடுங்கள். சுமார் 83 மீட்டர் உயரமுள்ள இந்தப் பாறையின் உச்சியில், பிள்ளையாரை வணங்கியபின் முதலில் வடக்கு நோக்கி நின்று பாருங்கள். அருகே காவிரி, அதைத் தாண்டித் தென்னைகளுக்கு நடுவே திருவரங்கம், திருவானைக்காவல் கோபுரங்கள், அவற்றுக்கும் அப்பால் கொள்ளிடம் என்று அடுக்கடுக்காகத் தெரியும். மேற்கே உறையூர், தென்கிழக்கே பொன்மலை. கையோடு ஒரு குறிப்பேடு கொண்டுபோய் இவற்றை ஒரு கோட்டுப்படமாக வரைந்துகொள்ளுங்கள். பிறகு படிக்கும் ஒவ்வொரு செய்தியையும் அந்தப் படத்தின் மீதே குறித்துவர வேண்டும்.

இறங்கும் வழியில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலைத் தவறவிடாதீர்கள். பலரும் அதைக் கவனிக்காமல் கடந்துபோவது பெரும் இழப்பு. உள்ளே, கங்கையைச் சடையில் ஏற்கும் சிவனின் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. அதன் அருகிலுள்ள தூண்களின் வடமொழிக் கல்வெட்டில் ஓர் அழகிய பாடல் காணப்படுகிறது: ஆறுகள் மீது விருப்பம் கொண்ட சிவன் காவிரியைக் கண்டால் அவள் மீதும் மனம் வைத்துவிடுவாரோ என்று அஞ்சிய மலைமகள், பிறந்தகத்தை விட்டு இந்த மலையிலேயே நிலையாகத் தங்கி, இந்த ஆறு பல்லவனின் காதலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். காவிரிக் கரை தன்னுடையது என்ற அரசனின் உரிமைக் குரலை, 7ஆம் நூற்றாண்டின் அந்தக் கல்லிலேயே நீங்கள் கேட்கலாம்.

அடுத்தது கோட்டை. நாயக்கர் காலத்து மதிலும் அகழியும் 19ஆம் நூற்றாண்டில் அகற்றப்பட்டன. அகழி தூர்ந்த தடத்தில்தான் இன்றைய புலிவார்டு சாலைகள் செல்கின்றன. எஞ்சி நிற்கும் மெயின்கார்டு கேட் வாயிலில் தொடங்கி அந்தச் சாலைகளைச் சுற்றி நடந்தால், ஆர்க்காட்டு நவாபு பதவிக்கான போட்டியில் 1751-52இல் முகமது அலியும் ஆங்கிலேயரும் உள்ளே இருக்க, எதிர்த்தரப்பான சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் முற்றுகையிட்ட நகரம் எவ்வளவு சிறியது என்பது நடக்கும் கால்களுக்கே தெரியும். இராணி மங்கம்மாள் மண்டபத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தையும் அதே நாளில் பார்க்கலாம். விடுமுறை நாளை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

உறையூரில் கண்ணுக்குத் தெரியும் பழமை குறைவு. ஆயினும், முற்காலச் சோழரின் தலைநகராக இருந்த அவ்வூரில் 1960களில் நடந்த அகழாய்வில் சாயத்தொட்டி கிடைத்தது என்பதையும், அங்கே கைத்தறி நெசவு நெடுங்காலமாக இருந்துவருவதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆற்றைப் புரிந்துகொள்ள ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். என் கருத்தில் இதுவே மிக முக்கியமான பகுதி. காலையில் நகருக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள முக்கொம்புக்குச் செல்லுங்கள். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதும், திருவரங்கத் தீவு தொடங்குவதும் அங்கேதான். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. கடலுக்குச் செல்லும் அதன் வழியும் நேரானது. அதனால் தண்ணீர் இயல்பாகவே அந்தப் பக்கம் சாய, காவிரியில் மணல் மேடிட்டுத் தஞ்சைப் பாசனம் தவித்தது. இதைத் தடுக்கவே ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-38இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதால், கீழ்ப்புறத்தில் புதிய கதவணை எழுந்துள்ளது. இரண்டையும் ஒருசேரப் பாருங்கள்.

பிற்பகலில் தீவின் கிழக்கு முனைக்கு, கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணைக்குச் செல்லுங்கள். காவிரி, வெண்ணாறு, புது ஆறு ஆகிய மூன்றும் பாசனத்துக்குப் பிரிய, மிகுதியான நீர் கொள்ளிடத்தில் இறங்குகிறது. இவற்றுள் புது ஆறு மட்டும் 1934இல் மேட்டூர் அணையோடு வந்த பிற்காலக் கால்வாய். மதகுகள் மூடியிருக்கும் கோடையில் ஒருமுறையும், மேட்டூர் தண்ணீர் வந்துசேர்ந்தபின் ஒருமுறையும் இங்கே வருவது நல்லது. கோடையில் ஆற்றுப்படுகைகளின் ஏற்றத்தாழ்வு தெளிவாகத் தெரியும். தண்ணீர் வந்தபின், எந்தக் கிளைக்கு எவ்வளவு திறக்கிறார்கள் என்பதை மதகுகளின் மேலிருந்தே கவனிக்கலாம்.